மரம் இழுக்கும் ரயிலும் எங்கள் அண்ணனும்

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் வீட்டுக்குப் போய் நிதானமாக வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். அண்ணனைப் பற்றி எழுத வேண்டியவள் அவர் மகள் கவிதாதான். அவள் பிறந்து வளர்ந்தது பிரான்சில். தமிழ் பேச வரும், எழுத வராது. நான் அண்ணனுக்கு ஒரே தங்கை. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் இந்த வேலை என்னிடம் வந்தது. அச்சகத்தில் நாளைக்குள் கேட்டிருக்கிறார்கள்.

எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நடந்தவை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றை வந்தபடியே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது காரைக்காலை அடுத்த விழிதியூரில். அப்பா விவசாயி. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் அவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் வழியாகக் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. அதை வைத்து விமானம் ஏறியவர் அண்ணன் ஒருவர்தான். அப்பா திடீரென்று போனபோது அண்ணன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். காலையில் வயலில் தண்ணீர் கட்டிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிப் பள்ளிக்குப் போவார். நான் படிக்க வேண்டும் என்பதில் அம்மாவை விட அவர்தான் பிடிவாதமாக இருந்தார். பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்தார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்ததும் எனக்குத் திருமணம் நடந்ததும் அவரால்தான். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ராணுவத்திலிருந்து வந்த பிறகு, அந்த நாட்டின் கிழக்கே ஒரு மலையூரில் மரம் அறுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அண்ணியோடு குடித்தனம் வைத்தார். கவிதா பிறந்ததும் அங்கேதான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆலை வாள் அண்ணனின் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும். தொலைபேசியில் எங்களிடம், “சின்ன அடி பாப்பா, ஒண்ணுமில்ல” என்றார். எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

மிச்சமிருக்கும் விரல்கள் இறுகிப் போகாமல் இருக்க நுணுக்கமான கைவேலை எதையாவது செய்யும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆலையில் கூட வேலை பார்த்த ஒருவர், வாரக் கடைசியில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் கூடும் இடத்துக்கு அண்ணனை அழைத்துப் போனார். எல்லோரும் ஸ்டேஷன், பயணிகள் வண்டி, சிக்னல் என்று செய்துகொண்டிருக்க, அண்ணன் மட்டும் மரம் இழுக்கும் ரயில் செய்யப் போவதாகச் சொன்னாராம். அந்த மலைகளில் ஒரு காலத்தில் வெட்டிய மரங்களை ஆலைக்குக் கொண்டுவரச் சிறிய ரயில்கள் ஓடின. பிறகு லாரிகள் வந்துவிட்டன. கைக்காயம் ஆறும்வரை வேலை இல்லாமல் நடந்து திரிந்தபோது, காட்டுக்குள் அந்தப் பழைய தண்டவாளத்தில் கொஞ்சம் பெயர்க்காமல் கிடந்ததை அண்ணன் பார்த்திருக்கிறார்.

“அங்க உக்காந்திருந்தா கை வலிக்கல பாப்பா. எதுக்குன்னு தெரியல, வலிக்கல” என்று பிற்பாடு ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் எதையும் விளக்கியதில்லை. நானும் கேட்டதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணனும் அண்ணியும் காரைக்காலுக்கே வந்துவிட்டார்கள். வீடு கட்டியபோது எல்லோரும் பூஜையறை எங்கே, சமையலறை எங்கே என்று பார்த்தார்கள். அண்ணன் ஹாலில் தூண் வராமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பால் காய்ச்சிக் குடிபோன அடுத்த வாரமே தச்சரை வரவழைத்து, சுவரை ஒட்டி ஹாலின் முக்கால் பாகத்துக்கு இடுப்புயர மேசை போட்டுவிட்டார். சோபா வராந்தாவுக்குப் போனது.

அந்த மேசைமேல் ஒரு மலை எழுந்தது. தெர்மோகோல் பலகைகளை அடுக்கி வெட்டி, அதன்மேல் பழைய பருத்திப் புடவைத் துண்டுகளைப் பாரிஸ் சாந்தில் நனைத்துப் போர்த்துவார். அண்ணியின் புடவைகள் பல அந்த மலைக்குள் இருக்கின்றன. தண்டவாளமும் எஞ்சினும் பிரான்சிலிருந்து கொண்டுவந்தவை. மற்ற எல்லாம் இங்கே கிடைத்தவை. காய்ந்த துளசித் தண்டு மரமானது. தென்னை நாரைச் சீவிச் சாயம் ஏற்றியது இலையானது. விழிதியூர் வயல்மண்ணைச் சலித்து எடுத்து வந்தார். வெட்டிய கட்டைகளுக்குக் கருவேலங்குச்சி. அதிலும் எல்லாக் குச்சியும் ஆகாது. உண்மையை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் கணக்கு அது. பட்டையின் வெடிப்பும் அந்த அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் எடுப்பார். ஒரு கட்டு குச்சியில் நாலு தேறும்.

புதிதாகச் செய்த எதையும் அவர் புதிதாக விட்டதில்லை. பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, சேறு பூசி, துரு ஏற்றுவார். கடையில் விற்கும் துருநிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்கூட்டரில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய், கடற்கரையில் கிடந்த பழைய நங்கூரத்தில் துருவைச் சுரண்டி டப்பாவில் நிரப்பிக்கொண்டிருந்தார். மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அருகே வந்து, “என்னய்யா, எல்லாரும் மீன அள்ளிக்கிட்டுப் போறாங்க, நீ துருவ அள்ளுற?” என்று கேட்டாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார்.

“புதுசா செஞ்சி எதுக்குங்க அழுக்காக்குறீங்க?” என்று அண்ணி கேட்பார்.

“காட்டுல எது புதுசா இருக்கும்?” என்பார் அண்ணன்.

வந்து பார்த்த உறவினர்கள் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காட்டில் நிற்கும் மரங்களை விட வெட்டிய அடிமரங்கள்தான் அதிகம். ஒவ்வொன்றிலும் கோடாரி விழுந்த வாய், வாள் ஓடிய மட்டம், நடுவில் முறிந்து நிற்கும் சிலும்பு, எல்லாம் இருக்கும். அழகாகப் பச்சைப் பசேலென்று ஒரு காடு செய்யக் கூடாதா என்று நம் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். “நாங்க அங்க செஞ்ச வேல இதுதாங்க. வெட்டுனோம். அத மறைச்சிட்டு ரயில மட்டும் காட்டுனா அது பொய்யா இருக்கும்” என்றார் அண்ணன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. மரம் வெட்டியதைப் பற்றிப் பெருமையும் அவரிடம் இல்லை, வருத்தமும் இல்லை. அப்படியே செய்து வைத்தார், அவ்வளவுதான்.

மின்சார வேலைக்கு வந்தவர் ஹமீது பாய். அவர் வீட்டில் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன்; எங்களுக்கு பாய். வளைகுடாவில் பல வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மேசைக்கு அடியில் வயர் இழுக்க ஒருநாள் வந்தவர், அதன் பிறகு தினமும் வந்தார். உப்புக்காற்றில் தண்டவாளம் கறுத்துவிடும். கறுத்தால் எஞ்சின் நின்றுவிடும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு, இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவராகத் துடைத்துக்கொண்டு வருவார்கள். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நட்பு ஒருமுறை முறிந்தது. அண்ணன் ஓய்வூதிய வேலையாகப் புதுச்சேரி போயிருந்த நாளில், அவர் மகிழ்வார் என்று எண்ணி ஹமீது பாய் மலை முழுவதும் வண்ண சீரியல் விளக்கு போட்டுவிட்டார். அண்ணன் வந்து கதவைத் திறந்ததும் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடின.

“காட்டுல எவன் பாய் சீரியல் லைட் போட்டான்?”

“பாக்குறவங்களுக்கு அழகா இருக்கணும்ல அண்ணே.”

“இது கல்யாண வீடா? மரம் வெட்டுறவனுக்கு ஒரு லாந்தர் போதும். கழட்டுங்க எல்லாத்தையும்.”

ஹமீது பாய் ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. கடைத்தெருவில் எதிரே பார்த்தாலும் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள் என்று அண்ணி சொல்வார். தண்டவாளத்தை அண்ணன் தனியாகத் துடைத்தார். மலையின் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு விட்டிருந்தார். அதன்மேல் உயரமான மரப்பாலம் வர வேண்டும். பாலம் வந்தால்தான் காட்டிலிருந்து ரயில் ஆலைக்குப் போய்ச் சேரும். அந்த வேலை தொடங்காமலே கிடந்தது.

அதற்குள் சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. முதல் நாள் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வாசலில் நின்றிருந்தோம். ஹமீது பாயின் கார் வந்து நின்றது. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் இறங்கவும் இல்லை. கதவை மட்டும் உள்ளிருந்து திறந்துவிட்டு, “வண்டி வீட்ல சும்மாதான் நிக்குது, ஏறுங்கண்ணே” என்றார். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். பழையதைப் பற்றி இருவரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

கவிதா அப்பாவை பிரான்சுக்கே அழைத்துக்கொள்ளத் துடித்தாள். அங்கே வைத்தியம் நன்றாக நடக்கும், செலவும் இல்லை. டிக்கெட் வரை எடுத்துவிட்டாள். அண்ணன் மறுத்துவிட்டார். “அங்க மிசின் நல்லா இருக்கும்மா. மிசினுக்குப் பக்கத்துல பேச ஆளு இருக்காது” என்று அவர் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் அழுதாள். அண்ணன் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் குச்சி பொறுக்கப் போய்விட்டார்.

பாலம் கட்டப்பட்டது டயாலிசிஸ் கட்டிலில்தான். நோயாளிக்குச் சாப்பாடு வைக்கும் சக்கரத் தட்டு ஒன்று உண்டு. அதன்மேல் துணி விரித்து, வீட்டிலேயே அளந்து வெட்டி வந்த குச்சிகளை ஹமீது பாய் பரப்புவார். கால்களுக்கு ஊதுபத்திக் குச்சி, குறுக்குச் சட்டங்களுக்கு மூங்கில் சீவல். இடது கையில் ஊசி இருப்பதால் அண்ணன் அதை அசைக்கக் கூடாது. வலது கையால் காட்டுவார். ஹமீது பாய் ஒட்டுவார். தூசு கிளம்பக் கூடாது, அங்கே எதையும் அறுக்கக் கூடாது என்ற நிபந்தனையில் டாக்டர் அனுமதித்திருந்தார்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். நர்ஸ் ஒரு பெண் குனிந்து பார்த்து, “சார், இதுல யாரு போவா?” என்று கேட்டாள்.

“மரம் போகும்மா.”

“அப்ப ஆளுங்க?”

“ஆளு கீழ இறங்கி நடந்து வருவான். பாரம் ஏத்துன பாலத்த நம்ப மாட்டான்.”

அவள் சிரித்துக்கொண்டே ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணன் ஹமீது பாய் பக்கம் திரும்பி, “மூணாவது காலு சாய்வு பத்தல பாய், பிரிச்சிடுங்க” என்றார். ஹமீது பாய் தண்ணீர் தொட்டுப் பசையை இளக்கி, முந்தின வாரம் ஒட்டியதைப் பிரிக்கத் தொடங்கினார். எனக்கு அந்தக் கால் சரியாக இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று பேசாமல் இருந்தேன்.

இப்படியே நாட்கள் போயின. உடம்பு வற்றியது. மாடிப்படி ஏறுவது நின்றது. காதுக்குப் பக்கத்தில் பேசினால்தான் கேட்டது. பாலம் மட்டும் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணன் குளித்துவிட்டு வந்து மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி இட்லி எடுத்துக்கொண்டு வந்தபோது உயிர் போயிருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று அண்ணி சொன்னார். நான் போனபோதும் அப்படித்தான் இருந்தார்.

கவிதா வந்து சேரும்வரை வைத்திருக்க ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஹாலில் வைக்க இடமில்லை. மேசையைக் கதவு வழியாக வெளியே எடுக்கவும் முடியாது, உள்ளேயே கட்டியது. பெட்டி கொண்டுவந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். எங்கள் பெரியப்பா மகன், “மேசைய ரெண்டா அறுத்து ஓரமா தள்ளிடலாம். ஆள் போன பிறவு எதுக்கு இது?” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணி எழுந்து வந்தார்.

“அத யாரும் தொடாதீங்க. அவர வாசல்ல வைங்க. பந்தல் போடுங்க.”

வீட்டு ஆம்பளையை வாசலில் வைப்பதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். தெருவில் பந்தல் போட்டு அங்கேதான் வைத்தோம். சனிக்கிழமை கவிதா வந்தாள். அன்று மாலையே எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பால் தெளித்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் கார் ஹாரன் கேட்டது. வழக்கமாக மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரம். அடுப்படியிலிருந்து அண்ணி டீ ஃபிளாஸ்க்கும் துண்டும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். நானும் கவிதாவும் பின்னால் ஓடினோம். காரின் பின்கதவைத் திறந்து கையில் பிடித்தபடி அண்ணி நின்றுகொண்டிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஹமீது பாய் உட்கார்ந்திருந்தார்.

“கை தானா வண்டிய இங்க திருப்பிடுச்சி அண்ணி” என்றார் ஹமீது பாய்.

“நானுந்தான் டீ போட்டுட்டேன். உள்ள வாங்க” என்றார் அண்ணி.

வராந்தா சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தோம். பின்சீட்டில் துணி சுற்றிய பாலம் இருந்தது. ஹமீது பாய் அதை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். வேலை எங்கே நின்றிருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று கவிதா கேட்டாள்.

“வேல எப்பவோ முடிஞ்சிருக்கும்மா. ஒட்டுனது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சி. அப்பா பிரிக்கச் சொல்லுவாரு, நான் பிரிப்பேன். அடுத்த வாரம் அதையே ஒட்டுவோம். எனக்கு மொதல்ல வெளங்கல. பிறவு வெளங்கிடுச்சி. முடிஞ்சிட்டா அங்க படுத்துக்கிட்டு என்னத்தப் பேசுறது? நானும் கேக்கல, அவரும் சொல்லல.”

அண்ணி ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

ஹமீது பாய் அன்று பகல் முழுவதும் ஹாலில் இருந்தார். மிச்சமிருந்த இரண்டு கால்களை ஒட்டிக் காயவைத்து, பாலத்தைப் பள்ளத்தாக்கில் இறக்கினார். மயிரிழைகூடத் தப்பவில்லை. தண்டவாளத் துண்டைப் பொருத்தி வயர் இணைத்தார். கறுத்துக் கிடந்த பாதை முழுவதையும் கவிதாவும் அவருமாகத் துடைத்தார்கள். எஞ்சினை ஓட்டும் குமிழை ஹமீது பாய் அண்ணியிடம் நீட்டினார். அண்ணி கவிதாவைக் காட்டினார்.

மரக்கட்டை ஏற்றிய நாலு பெட்டிகளை இழுத்துக்கொண்டு எஞ்சின் காட்டைவிட்டு வந்தது. மரம் இழுக்கும் ரயில் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகும். பாலத்தின் மேல் ஏறியது. நடுவில் வரும்போது ஊதுபத்திக் குச்சிகள் லேசாக நடுங்கின. தாண்டி, வளைந்து, ஆலை வாசலில் போய் நின்றது. யாரும் கைதட்டவில்லை. யாரும் அழவும் இல்லை.

“இவ்ளோதானா?” என்று கேட்டார் அண்ணி.

“இவ்ளோதான் அண்ணி.”

அண்ணி குனிந்து ஆலை வாசலைப் பார்த்தார். பிறகு, “சரி, கட்டைய இறக்கிட்டு வண்டிய திருப்பி அனுப்புங்க” என்றார். கவிதா விரலால் ஒவ்வொரு கட்டையாக இறக்கினாள். வண்டி காட்டுக்குத் திரும்பிப் போனது.

அண்ணனின் வாழ்க்கை இதுதான். பெரிய பதவி எதிலும் இருந்தவரில்லை. தெரிந்தவர்களிடம் கடிந்து பேசியது குறைவு. பேசினால் உண்மைக்காகப் பேசினார்.

டயாலிசிஸ் பிரிவில் அவரை அன்போடு பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தல் நின்ற நாட்களில் முகம் சுளிக்காமல் வேறு வழியாகச் சுற்றிப் போன தெருக்காரர்களுக்கும், சொன்னவுடன் பெட்டியை வாசலுக்குத் தூக்கிய பிள்ளைகளுக்கும், துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்த்துக்கொண்ட அம்பகரத்தூர் உறவுகளுக்கும் நன்றி. அறுக்க வேண்டாம் என்றதும் அதே கையோடு பந்தலுக்குக் கயிறு கட்டிய பெரியப்பா மகனுக்கும் நன்றி.

ஹமீது பாய்க்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதுமுன் அவரிடமே கேட்டேன். “என் பேர பெருசா போடாதீங்க டீச்சர்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “பாலத்துல ரெண்டாவது காலு சாய்வு கொஞ்சம் பத்தலன்னு நெனக்கிறேன். வியாழக்கிழமை வந்து பிரிச்சிப் பாக்குறேன்” என்றார்.

அண்ணி வரச் சொல்லியிருக்கிறார்.

தங்கை
காரைக்கால்